உறைவிந்தணுக்களில் கெப்பாசிட்டேஷன்: ஹெப்பரின் முறையில் ஓர் ஆய்வகப் பதிவு

பொலிகாளையிடமிருந்து சேகரித்த விந்தணு எவ்வளவு வேகமாக நீந்தினாலும், அந்த நிலையிலேயே சினைமுட்டையைத் துளைத்துக் கருவூட்டிவிட முடியாது. பசுவின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் தங்கி, அதன் மேற்படலமும் உள்ளிருக்கும் வேதிநிலையும் மாறிய பிறகே அந்தத் தகுதி அதற்குக் கிடைக்கிறது. 1951-இல் அமெரிக்காவில் எம். சி. சாங்கும் ஆஸ்திரேலியாவில் சி. ஆர். ஆஸ்டினும் முயலிலும் எலியிலும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டு ஆஸ்டின் இந்த மாற்றத்துக்குக் கெப்பாசிட்டேஷன் என்று பெயரிட்டார். கால்நடை இனப்பெருக்கவியல் படித்தவர் எவருக்கும் இது பாடத்தில் வந்த செய்திதான். ஆனால் சினை ஊசி போடப் பயன்படும் அதே உறைவிந்துக் குச்சியை உருக்கி, அதிலுள்ள விந்தணுக்களில் இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்வதை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்வது வேறு வேலை. அந்த வேலையை எங்கள் ஆய்வகத்தில் எப்படிச் செய்தோம், எந்தக் கட்டத்தில் எதைக் கவனித்தோம் என்பதை, இதைச் செய்ய விரும்பும் மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

விந்து வெளிப்படும் நேரத்தில் துணைச் சுரப்பிகளின் நீரிலிருந்து பிஎஸ்பி எனப்படும் விந்துநீர்ப் புரதங்கள் வந்து, விந்தணுவின் படலத்திலுள்ள கோலின் கொழுப்புகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் புரதங்கள் படலத்திலிருந்து கொழுப்பையும் கொலஸ்டிராலையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கின்றன. கருக்குழாயில் உள்ள அடர்மிகு லிப்போபுரதமும் அல்புமினும் அந்தக் கொலஸ்டிராலை ஏற்றுக்கொள்கின்றன. கொலஸ்டிரால் குறையக் குறையப் படலம் நெகிழ்கிறது. பைகார்பனேட் உள்ளே சென்று அடினைலைல் சைக்ளேஸ் நொதியைத் தூண்ட, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. அதைத் தொடர்ந்து புரோட்டீன் கைனேஸ் ஏ வேலை செய்யத் தொடங்கி, கடைசியில் பல புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. கால்சியமும் உள்ளே கூடுகிறது. உட்புறக் கார அமில நிலை காரத்தின் பக்கம் நகர்கிறது. இவற்றில் எதுவும் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. விந்தணு முன்போலவே நீந்திக்கொண்டிருக்கும். ஆகவே எந்தச் சாயத்தைக் கொண்டு, எதனோடு எதை ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்தச் சோதனையின் மதிப்பு அமைகிறது.

காளை விந்தணுவில் இந்த மாற்றத்தைத் தூண்ட, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளான ஹெப்பரினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1981-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சோதனைக் குழாய் முறையில் முதல் கன்று பிறந்தபோது, விந்தணுக்களைத் தயார்படுத்த உப்புச் செறிவு மிகுந்த ஊடகத்தையே பயன்படுத்தினார்கள். அதன் பின்னர் விஸ்கான்சினில் பாரிஷும் அவருடன் பணியாற்றியவர்களும் ஹெப்பரின் முறையைச் சீர்படுத்தி 1988-இல் வெளியிட்டார்கள். இன்று மாட்டினத்தில் சோதனைக் குழாய்க் கருவூட்டல் செய்யும் ஆய்வகங்களில் பெரும்பாலானவை அந்த முறையின் வழிவந்தவற்றையே பின்பற்றுகின்றன. ஹெப்பரின் விந்துநீர்ப் புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. பசுவின் கருக்குழாய் நீரிலும் ஹெப்பரினைப் போன்ற கிளைக்கோசமினோகிளைக்கான்கள் எனும் நீள் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. அதனால் இதை வெறும் செயற்கைத் தூண்டல் என்று ஒதுக்கிவிட முடியாது.

நான்கு குழாய்களை வைத்துக்கொண்டோம். முதலாவதில் வெறும் ஊடகம் மட்டும். இரண்டாவதில் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் ஹெப்பரின். மூன்றாவதில் அதே அளவு ஹெப்பரினோடு 5 மில்லிமோலார் குளுக்கோஸ். நான்காவதில் ஹெப்பரினுக்குப் பதிலாகக் காஃபின். இவை தவிர, உருக்கிக் கழுவிய உடனேயே, எந்தக் குழாயிலும் ஊற்றுவதற்கு முன்பே எடுத்து வைக்கும் பூஜ்ய நேர மாதிரி ஒன்று உண்டு. இந்தக் கடைசி மாதிரிதான் வேறு எதையும்விட முக்கியமானது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜனிலிருந்து, அதாவது மைனஸ் 196 டிகிரியிலிருந்து எடுத்து, 37 டிகிரி நீரில் 30 விநாடி உருக்கினோம். 0.25 மி.லி. குச்சி ஒன்றில் சுமார் 2 கோடி விந்தணுக்களே இருக்கும்; கழுவும்போது அவற்றிலும் கணிசமான பங்கு போய்விடும். எனவே ஒரே காளையின், ஒரே நாளில் உறைய வைத்த குச்சிகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்தோம். வெவ்வேறு காளைகளின் விந்தைக் கலக்கக் கூடாது. ஹெப்பரினுக்கு ஒவ்வொரு காளையின் விந்தணுவும் ஒவ்வொரு வேகத்தில் பதிலளிக்கும் என்பதால், கலந்துவிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இருக்காது.

கழுவுதலை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது. உறைவிந்தில் விந்தணுவோடு முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் சர்க்கரையும் இருக்கின்றன. மஞ்சள் கருவில் உள்ள அடர்குறை லிப்போபுரதம் விந்துநீர்ப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உறைய வைக்கும்போது அது விந்தணுவுக்குப் பாதுகாப்பு, ஆனால் நாம் பார்க்க நினைக்கும் மாற்றத்துக்கு அது தடை. அதோடு மஞ்சள் கருத் துகள்கள் ஒளிர்வு நுண்ணோக்கியில் பளிச்சென்று மின்னி, விந்தணுத் தலைகளை மறைத்துவிடும். ஆகவே கீழே 90 சதவீதம், மேலே 45 சதவீதம் என்று பெர்கால் எனும் அடர்த்தியான சிலிக்காக் கரைசலின் அடுக்குகளை அமைத்து, அதன் மேல் உருக்கிய விந்தை மெதுவாகப் படரவிட்டு, 700 ஜி விசையில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினோம். துகள்களும் இறந்த அணுக்களும் இரு அடுக்குகளுக்கும் இடையில் தேங்கி நிற்க, நன்கு நீந்தும் அணுக்கள் அடியில் சிறு வெண்படிவாகச் சேர்கின்றன. மேலே உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டு, படிவை ஊடகத்தில் இன்னொரு முறை கழுவினால் பெர்காலும் நீங்கிவிடும். கழுவிய பின் மி.லி.க்கு 5 கோடி என்ற செறிவுக்குக் கொண்டுவந்தோம்.

ஊடகம் டால்ப் எனப்படும் மாற்றியமைத்த டைரோடு கரைசல்: சோடியம் குளோரைடு 100, பொட்டாசியம் குளோரைடு 3.1, பைகார்பனேட் 25, லேக்டேட் 21.6, பைருவேட் 1, கால்சியம் 2, ஹெப்பஸ் 10 மில்லிமோலார், இவற்றோடு சிறிதளவு மெக்னீசியமும் பாஸ்பேட்டும், மி.லி.க்கு 6 மில்லிகிராம் மாட்டு சீரம் அல்புமினும் சேர்ந்தது. இந்தப் பட்டியலில் விந்தணுவை மாற்றும் பொருள்கள் மூன்றுதான்: பைகார்பனேட், கால்சியம், அல்புமின். மற்றவை அதை உயிரோடு வைத்திருப்பவை. குளுக்கோஸை இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்; லேக்டேட்டும் பைருவேட்டும் ஆற்றலுக்குப் போதும். கொலஸ்டிராலை வாங்கிக்கொள்ள வேண்டியது அல்புமின் என்பதால், அது எந்தத் தொகுதியிலிருந்து வந்தது என்பதைக் குறித்து வைத்து, ஒரு தொடர் சோதனை முழுவதையும் ஒரே புட்டி அல்புமினில் முடிப்பது நல்லது.

பைகார்பனேட் ஊடகம் இன்குபேட்டருக்கு வெளியே நின்றால் கரியமில வாயுவை இழந்து காரமாகிவிடும். அதைக் கண்ணால் அறிய ஃபீனால் சிவப்பைச் சேர்த்துக்கொண்டோம். சரியான நிலையில் ஊடகம் இளஞ்சிவப்பாக இருக்கும். மேசையில் வைத்துவிட்டு வேறு வேலையில் இறங்கினால் ஊதா கலந்த அடர் நிறத்துக்கு ஏறுவதைப் பார்க்கலாம். விந்தணுவின் உட்புறக் காரநிலை உயர்வதே நாம் ஆராயும் மாற்றங்களில் ஒன்று என்பதால், வெளியிலுள்ள ஊடகமே காரமாகிவிட்டால் எந்த விளைவு ஹெப்பரினால் வந்தது, எது மேசையில் கிடந்ததால் வந்தது என்று பிரிக்க இயலாது. ஆகவே ஊடகத்தை முந்தைய இரவே 39 டிகிரியில், 5 சதவீதக் கரியமில வாயுவில், மூடியைத் தளர்த்தி வைத்துச் சமநிலைப்படுத்தினோம். பசுவின் உடல் வெப்பம் மனிதனுடையதைவிடக் கூடுதல். 37 டிகிரியில் வைத்தால் எல்லாமே மந்தமாக நடக்கும்.

நான்கு மணி நேரம் இன்குபேட்டரில் வைத்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சிறு மாதிரி எடுத்தோம். நீந்தும் அணுக்களின் விகிதம் ஹெப்பரின் உள்ள குழாயிலும் இல்லாத குழாயிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே மெதுவாகக் குறைந்தது. விந்து நிலையங்களில் உருக்கிய பின்னான அசைவை வைத்தே குச்சியின் தரத்தைத் தீர்மானிக்கிறார்கள். அது தேவையான அளவுகோல்தான், ஆனால் கெப்பாசிட்டேஷன் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அதைச் சொல்வது குளோர்டெட்ராசைக்ளின் சாயம். இந்த நுண்ணுயிர்க்கொல்லி விந்தணுவுக்குள் நுழைந்து, படலத்தை ஒட்டியிருக்கும் கால்சியத்தோடு சேரும்போது மஞ்சள் பச்சையாக ஒளிர்கிறது. 20 மில்லிமோலார் டிரிஸ், 130 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 5 மில்லிமோலார் சிஸ்டீன் உள்ள கரைசலில் 750 மைக்ரோமோலார் அளவுக்குக் குளோர்டெட்ராசைக்ளினைக் கரைத்து, பி.எச். 7.8-க்குச் சரிசெய்தோம். ஒளி பட்டால் இது வீணாகிவிடும். அன்றன்றைக்குக் கரைத்து, அலுமினியத் தாள் சுற்றிய குழாயில் குளிர வைத்து, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். 45 மைக்ரோலிட்டர் விந்தணுவோடு 45 மைக்ரோலிட்டர் சாயம் கலந்து, அரை நிமிடத்தில் குளுட்டரால்டிஹைடு சேர்த்து நிலைப்படுத்தி, ஸ்லைடில் ஒரு துளி வைத்து, ஒளிர்வு மங்காதிருக்க டாப்கோ கலந்த கிளிசராலைச் சேர்த்து, கவர் ஸ்லிப்பை மெல்லிய தாளால் அழுத்தி, ஓரங்களை நகப்பூச்சால் அடைத்தோம். தலைகள் தட்டையாகப் படியவேண்டும் என்பதற்காகவே அந்த அழுத்தம். காளை விந்தணுவின் தலை துடுப்பு வடிவில், சுமார் 10 மைக்ரோமீட்டர் நீளமும் 5 மைக்ரோமீட்டர் அகலமும் கொண்டது. அது ஒருக்களித்து நின்றால் எந்த வடிவத்தையும் படிக்க முடியாது; அப்படி நிற்பவற்றை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

எண்ணெய் வில்லையில் பார்க்கும்போது மூன்று வடிவங்கள் தெரிகின்றன. தலை முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது எஃப் வடிவம்: மாற்றம் இன்னும் தொடங்காத அணு. தலையின் முன்பகுதி பளிச்சென்று இருக்க, பின்பாதியில் குறுக்காக ஒரு கரிய பட்டை விழுந்தால் அது பி வடிவம்: கெப்பாசிட்டேஷன் அடைந்தது, தலையின் முன்பக்கம் மூடியிருக்கும் நொதிப்பையான அக்ரோசோம் இன்னும் கெடாதது. தலை முழுவதும் மங்கி, நடுப்பகுதியில் மெல்லிய ஒளிக்கோடு மட்டும் எஞ்சினால் அது ஏஆர் வடிவம்: அக்ரோசோம் வெடித்து முடிந்தது. படத்தில் பார்ப்பது போல இவை தெளிவாகப் பிரிந்து கிடப்பதில்லை. முக்கியமாக, பட்டை விழத் தொடங்கிய அணுக்களில் அதன் ஓரம் கலங்கலாக இருக்கும். நுண்ணோக்கியின் குவியத்தைச் சற்றே மேலும் கீழும் நகர்த்தினால், உண்மையான பட்டை அதே இடத்தில் நிற்கும், தலை சாய்ந்ததால் வந்த நிழல் நகர்ந்துவிடும். இந்த ஒரு அசைவைக் கைக்குப் பழக்கிக்கொண்டால் எண்ணிக்கையில் நம்பிக்கை வரும். இறந்த அணுக்களும் இந்த வடிவங்களைக் காட்டக்கூடும் என்பதால், குளோர்டெட்ராசைக்ளினுக்கு முன்பே, இறந்த அணுக்களில் நுழையும் ஹெக்ஸ்ட் 33258 என்ற சாயத்தைச் சேர்த்து, நீலமாக ஒளிரும் தலைகளை முழுவதும் விலக்கினோம். எந்தக் குழாய் என்று தெரியாமல் மற்றொருவர் எண்ணும்படி ஸ்லைடுகளுக்குக் குறியீடு இட்டதும் அவசியமான முன்னெச்சரிக்கை.

பூஜ்ய நேர ஸ்லைடுக்கு வருகிறேன். பாடத்தைப் படித்துவிட்டு வருபவர், உருக்கிய உடனே எல்லா அணுக்களும் எஃப் வடிவில் இருக்கும் என்றே எதிர்பார்ப்பார். உறைவிந்தில் அப்படி இருப்பதில்லை. ஹெப்பரினையே காணாத அந்த ஸ்லைடில் பி வடிவங்கள் கண்ணில் படும் அளவுக்கு இருக்கின்றன. குளிரவைக்கும்போது விந்தணுவின் படலக் கொழுப்புகள் திரவ நிலையிலிருந்து இறுகிய நிலைக்கு மாறுகின்றன. உருக்கும்போது அவை திரும்ப இளகினாலும் முன்பிருந்த ஒழுங்குக்கு முழுமையாக வருவதில்லை. கொலஸ்டிராலில் ஒரு பங்கு போய்விடுகிறது. கால்சியத்தை வெளியே தள்ளும் ஆற்றலும் குறைகிறது. ஆக, பசுவின் கருக்குழாயில் மணிக்கணக்கில் நடக்கவேண்டிய மாற்றத்தின் சாயல், உறைநிலையிலேயே அவசரமாக நடந்துவிடுகிறது. இதைக் கிரையோகெப்பாசிட்டேஷன் என்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. படலமும் கால்சியமும் ஒத்திருந்தாலும், டைரோசின் பாஸ்பேட் ஏறும் முறை உறைய வைத்த அணுக்களில் வேறுபடுகிறது. வெளித்தோற்றத்தில் தயாராகிவிட்டது போல் இருக்கும் அணு, உள்ளுக்குள் அந்தப் பயணத்தைக் கடந்திருக்காது.

பூஜ்ய நேர எண் இல்லாமல் நான்காம் மணி நேர எண்ணை மட்டும் சொல்வது பயனற்றது என்று நான் உறுதியாகக் கருதுவது இதனால்தான். ஹெப்பரின் குழாயில் நான்காம் மணியில் கண்ட பி வடிவங்களில் ஒரு பங்கு உறைய வைத்ததால் வந்தது, மறு பங்குதான் ஹெப்பரினால் வந்தது. வெறும் ஊடகக் குழாய், காலம் போவதால் மட்டும் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதையே ஹெப்பரினின் விளைவு என்று சொல்லலாம். எங்கள் குழாய்களில் அந்த மிச்சம் தெளிவாகவே இருந்தது. ஹெப்பரின் குழாயில் பி வடிவம் முதல் மணியில் பெரிதாக ஏறாமல், இரண்டாம் மணிக்குப் பிறகே வேகம் எடுத்தது.

சாயத்தை மட்டும் நம்பாமல் இன்னொரு வழியிலும் சரிபார்த்தோம். லைசோபாஸ்ஃபடிடில்கோலின் என்ற கொழுப்பை மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் அளவில் சேர்த்து 15 நிமிடம் வைத்தால், கெப்பாசிட்டேஷன் அடைந்த அணுக்களில் அக்ரோசோம் வெடிக்கும். அடையாதவற்றில் அந்த நேரத்துக்குள் வெடிக்காது. பாரிஷ் குழுவினர் தங்கள் முறையைச் சோதித்ததும் இப்படித்தான். அக்ரோசோம் வெடிப்பது என்றால், விந்தணுவின் மேற்படலமும் அதன் அடியிலிருக்கும் அக்ரோசோமின் வெளிப்படலமும் பல இடங்களில் ஒன்றோடொன்று இணைந்து திறந்து, உள்ளிருக்கும் நொதிகள் வெளியேறுவது. அதன் பிறகே நடுப்பட்டையில் உள்ள இசுமோ1 புரதம் வெளிப்பட்டு முட்டையின் ஜூனோ புரதத்தோடு பிணையும் நிலைக்கு வருகிறது. இதைப் பார்க்க நிலக்கடலையிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற, சர்க்கரைகளில் ஒட்டும் புரதத்தைப் பச்சை ஒளிர்பொருளோடு இணைத்துப் பயன்படுத்தினோம். அக்ரோசோம் முழுதாக உள்ள தலையின் உச்சியில் பிறைபோல் பச்சை தெரியும். வெடித்தவற்றில் அந்தப் பிறை சிதைந்து, நடுவில் கோடாக எஞ்சும் அல்லது மறைந்துவிடும். ஹெப்பரின் குழாயில் இந்தக் கொழுப்பு வேலைசெய்ததும், வெறும் ஊடகக் குழாயில் பெரும்பாலான பிறைகள் அப்படியே நின்றதும், சாயம் காட்டியதோடு பொருந்தி வந்தன.

குளுக்கோஸ் சேர்த்த மூன்றாவது குழாயில் ஹெப்பரின் இருந்தும் மாற்றம் பின்தங்கியது. எலி விந்தணுவுக்குக் குளுக்கோஸ் வேண்டும். காளை விந்தணுவுக்கு அதுவே தடை. குளுக்கோஸை எரிக்கும்போது உண்டாகும் அமிலம், உட்புறக் காரநிலை உயர்வதைத் தடுத்துவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். ஹெப்பரின் குழாயில் கண்டது வெறும் காலக்கழிவால் வந்த சிதைவு அல்ல, ஒழுங்குக்கு உட்பட்ட ஒரு மாற்றம் என்பதற்கு இந்தக் குழாயைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வெறும் சிதைவாக இருந்தால் குளுக்கோஸ் அதை நிறுத்தியிருக்காது.

காஃபின் குழாயில் வேறொன்றைப் பார்த்தோம். சேர்த்த சில நிமிடங்களிலேயே வால் ஒரு பக்கமாக ஆழமாக வளைந்து அடிக்கத் தொடங்கியது. நேராகப் போய்க்கொண்டிருந்த அணுக்கள் அதே இடத்தில் வட்டமிட்டன. இதுவே ஹைப்பர் ஆக்டிவேஷன். மெத்தில்செல்லுலோஸ் கலந்து ஊடகத்தைப் பிசுபிசுப்பாக்கியதும், வட்டமிட்ட அதே அணுக்கள் முன்னோக்கி நகர்ந்தன. கருக்குழாயின் சளியிலும் முட்டையின் உறையிலும் இந்தத் துடிப்பு எதற்குப் பயன்படுகிறது என்பது அப்போது விளங்கியது. ஆனால் ஹெப்பரின் குழாயில் பி வடிவம் ஏறிய போதிலும் வாலின் துடிப்பு இப்படி மாறவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் சுவாரஸின் ஆய்வகம் காளை விந்தணுவில் இவ்விரண்டும் வெவ்வேறு சமிக்ஞை வழிகளில் நடக்கின்றன என்று காட்டியிருக்கிறது. இவற்றை ஒன்றாகக் கருதி, வேகமாகத் துடிப்பதெல்லாம் தயாராகிவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது.

பூஜ்ய நேர ஸ்லைடு காட்டியதற்கு மாட்டுத் தொழுவத்தில் நேரடியான பொருள் உண்டு. பசுவின் கருக்குழாயில், கருப்பையை ஒட்டிய குறுகிய பகுதியில், விந்தணுக்கள் சுவரின் செல்களைப் பற்றிக்கொண்டு காத்திருக்கின்றன. அந்தப் பிடிக்கு விந்துநீர்ப் புரதங்களே துணை. கெப்பாசிட்டேஷன் நடக்க நடக்க அந்தப் புரதங்கள் உதிர்ந்து, வாலின் துடிப்பும் மாறி, அணு பிடியை விட்டு முட்டையை நோக்கிப் போகிறது. உறைவிந்தணுக்களில் ஒரு பங்கு பாதி மாறிய நிலையிலேயே உள்ளே போவதால், அவற்றால் புதிய விந்தணுக்களைப் போல நீண்ட நேரம் காத்திருக்க முடியாது. சினைப்பருவ அறிகுறிகள் அடங்கிச் சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளிப்படுகிறது. காலையில் சினைக்கு வந்த மாட்டுக்கு மாலையிலும், மாலையில் வந்ததற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடவேண்டும் என்ற விதி, 1940-களில் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் செய்த ஆய்விலிருந்து வந்தது. மாடு கத்தத் தொடங்கியதும் ஊசி போட்டுவிடச் சொல்லி அவசரப்படும் விவசாயியிடம், சற்றுப் பொறுத்துப் போடலாம் என்று மருத்துவர் சொல்வதற்கான காரணங்களில் ஒன்றை அந்த ஸ்லைடில் நேரடியாகப் பார்க்க முடிகிறது.

அடுத்ததாக, இறைச்சிக்கூடத்திலிருந்து பெறும் கருக்குழாய்களின் உட்சுவரைச் சுரண்டி எடுத்து வளர்த்து, அதே நான்கு குழாய்களின் விந்தணுக்களை அதன் மேல் விட்டு, எத்தனை பற்றிக்கொள்கின்றன, எத்தனை விடுகின்றன என்று எண்ணத் தொடங்கியிருக்கிறோம். பற்றிக்கொண்டவற்றில் எஃப் வடிவமே மிகுந்திருக்கிறதா என்பதைப் பார்க்க, செல்களோடு சேர்த்தே சாயமிட வேண்டியிருக்கிறது. செல்களின் கால்சியமும் சேர்ந்து ஒளிர்வதால், சாயத்தின் செறிவைக் குறைத்து, நிலைப்படுத்தும் நேரத்தை மாற்றிச் சோதித்து வருகிறோம்.